திறந்த கதவும் இசையரங்கும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

இசையைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் இசைவாணர் அல்லேம், பண்டிதரும் அல்லேம். பள்ளியிறுதித் தேர்வளவே கற்று, இரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்து, இருபது ஆண்டுகளாகப் பயணச்சீட்டுச் சன்னலின் பின்னிருந்து உலகைக் கண்டு வருகின்றோம். சில்லறை எண்ண எமக்குத் தெரியும். தாளம் எண்ணத் தெரியாதிருந்தது. அதனையும் சென்ற ஆண்டில் ஒரு மாலைப்பொழுதில், ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் தரையில் பாய்மீது அமர்ந்து கற்றுக்கொண்டோம். எம்முடன் கற்றவன் எம் இளைய மகன். அந்த மாலையின் கதையே இவ்வுரையின் பொருள்.

முதற்கண் நாம் வாழும் இடத்தைச் சற்று நினைந்து பார்ப்போம். நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என இரயில் நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. பாறசாலையோடு கேரளம் முடிகின்றது, அதற்கப்பால் குழித்துறை. 1956 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 1 ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. கோடு ஒரு நாளில் போடப்பெற்றது. ஆயினும் கொடுக்கல் வாங்கலும், பெண் கொடுத்தலும், பாட்டும் அக்கோட்டினைக் கேட்டு நடக்கவில்லை. 1979 ஆம் ஆண்டு திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பெற்ற பின்னர், பிழைப்பின் பொருட்டு வருவோரும் போவோரும் மேலும் பெருகினர். அவர்களுள் ஒரு குடும்பம் எம்முடையது. திருநெல்வேலிச் சீமையில் சைவக் குடியிற் பிறந்த யாம், பணி மாற்றத்தின் பயனாக இவ்வெல்லையூருக்கு வந்து வேரூன்றினோம்.

எமக்கு மக்கள் இருவர். மூத்தவள் பள்ளியிற் படிக்கின்றாள். இளையவனுக்கு இப்போது ஏழு வயது. அவனுக்குப் பேச்சு எளிதில் வருவதில்லை. ஓரிடத்தில் அமர்ந்திருக்கவும் அவனால் இயலாது, நடந்துகொண்டே இருப்பான், மகிழ்ச்சி மிகுந்தால் ஓசையிடுவான். மருத்துவர் அதற்கொரு பெயர் கூறினார். அப்பெயர் இங்கு வேண்டுவதில்லை. இத்தகைய பிள்ளையைப் பெற்ற வீட்டார் இப்பேரவையிலும் சிலர் இருத்தல் கூடும். அவர்களுக்கு யாம் கூறாமலே விளங்கும்.

அவனுக்கு இசை என்றால் உயிர். வானொலியில் வயலின் ஒலித்தால் நடையை நிறுத்திக் காது கொடுப்பான். ஆதலின் மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நகரத்து மண்டபம் ஒன்றில் நடைபெற்ற கச்சேரிக்கு அவனை அழைத்துச் சென்றோம். பாடகர் ஆலாபனை தொடங்கியதும் அவனும் உடன் குரல் கொடுத்தான். முன்னிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். தொண்டர் ஒருவர் வந்து விரலை வாயில் வைத்துக் காட்டினார். பின்னர் வாயிலைக் காட்டினார். அவர்மீது எமக்குச் சினம் இல்லை; அவர் தம் கடமையைச் செய்தார். ஆனால் வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது, மூடிய கதவினூடே மிருதங்க ஒலி கேட்டது. இளையவன் அக்கதவின்மீது காதை வைத்துக்கொண்டு நின்றான். எம் மனைவி ஒரு சொல்லும் கூறவில்லை. பேருந்து வரும்வரை அவள் முகத்தை யாம் நோக்கவும் இல்லை. அதன் பின்னர் எம் வீட்டார் கச்சேரி என்ற பேச்சையே விடுத்தோம்.

இந்நிலையில், எம்மோடு பணிபுரியும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் சென்ற ஆண்டு எம்மிடம் வந்தார். பாறசாலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் உள்ள சபையைச் சேர்ந்தவர் அவர். "சாரே, சனிக்கிழமை சாயங்காலம் எங்க சபையில பாட்டுக் கச்சேரி உண்டு. பிள்ளையளையும் கூட்டிட்டு வாங்க" என்றார். யாம் தயங்கினோம். அவர் எம் தயக்கத்தை அறிந்து, "பிள்ளையளுக்குத்தான் சாரே வைக்கியது" என்றார்.

சென்றோம். தேவாலயத்தின் இருபுறக் கதவுகளும் திறந்து கிடந்தன. விசிப்பலகைகளைச் சுவரோரம் நகர்த்தி, நடுவே கோரைப்பாய் விரித்திருந்தனர். மேடை இல்லை. பாடுபவரும் பாயில், கேட்பவரும் பாயில். ஒலிபெருக்கியும் இல்லை. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பின்புறத்தில் ஞாயிறு பள்ளிக்கூடத்து அறை ஒன்றைத் திறந்து வைத்திருந்தனர். ஓசை மிகுதியாகிப் பிள்ளைகள் கலங்கினால் அங்கே சென்று சற்று இளைப்பாறலாம். தாழ்வாரத்தில் கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனியும் இருந்தன. ஒரு மணி நேரமே நிகழ்ச்சி என்று முன்னரே கூறிவிட்டனர்.

பாடியவர் பள்ளிக்கூடத்து இசை ஆசிரியை ஒருவர். வயலினும் மிருதங்கமும் பக்கம் நின்றன. ஆசிரியை மோகன இராகத்தை எடுத்துக்கொண்டார். ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களே கொண்ட இராகம் அது. முதலில் ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டினார். பிள்ளைகள் திருப்பிப் பாடினர். பிறகு, "இப்போது கையிலே எட்டு எண்ணுவோம்" என்றார். ஆதி தாளத்தின் கணக்கு மிக எளியது. ஒரு தட்டு, பின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று எண்ணிக்கை, அதன்மேல் தட்டும் வீச்சும், மீண்டும் தட்டும் வீச்சும். ஆக எட்டு. நாற்பது வயதைக் கடந்த யாம் அந்த எட்டை அன்றுதான் பிழையின்றி எண்ணினோம்!

இளையவன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். அவன் நடந்தான். பாய்களுக்கு இடையே உள்ள வழியில் வாயிலுக்கும் பாடுமிடத்துக்குமாக ஓயாது நடந்தான். எம் மனைவி அவனைப் பிடிக்க எழுந்தாள். அருகிருந்த முதிய பாட்டி ஒருவர் அவள் கையைப் பற்றி, "இரி மக்களே, அவன் நடக்கட்டு. ஆண்டவருக்க வீட்டுல பிள்ளைய நடக்காம பின்ன ஆரு நடப்பா?" என்றார். எம் மனைவி அமர்ந்தாள். கச்சேரி ஒன்றினை இறுதிவரை அமர்ந்து அவள் கேட்டது, அவன் பிறந்த பின்னர் அதுவே முதன்முறை.

தனி ஆவர்த்தனத்தின்போது கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. மிருதங்கக்காரர் நகைத்து, இடந்தலையில் மெல்லக் கும்காரம் கொடுத்தார். குழந்தை வியந்து அழுகையை நிறுத்தியது. அவையோர் மகிழ்ந்தனர். அரை நிமிடத்தில் அது மீண்டும் வீறிட்டது! அதற்கும் மகிழ்ந்தனர். இசை நின்றுவிடவில்லை, தாளமும் பிறழவில்லை.

அன்பர்களே! இதனைக் கேட்டவுடன், "தேவாலயத்தில் கருநாடக இசையா? இது என்ன புதுமை?" என்று சிலர் வினவக்கூடும். புதுமை அன்று என்பதே எம் மறுமொழி. 1774 ஆம் ஆண்டு திருநெல்வேலியிற் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்சு ஐயரிடம் பயின்று, சரபோசி மன்னரின் ஆதரவைப் பெற்றுத் திகழ்ந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1864 இல் மறையும்வரை அவர் கீர்த்தனைகளை இயற்றிக்கொண்டே இருந்தார். குறத்தி வந்து குறி சொல்லும் குறவஞ்சியென்னும் மக்கள் நாடக வகையை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடியவரும் அவரே. குறவஞ்சி யாருக்காக எழுந்தது? அரங்கிலே அரைக் கண்ணை மூடித் தலையசைக்கும் அறிஞர் சிலருக்காக மட்டுமா? பாட்டியும் பேரனும் ஒருங்கே அமர்ந்து காணவும் கேட்கவும் எழுந்தது. மேனாட்டுத் திருப்பணியாளருள் சிலர் தமிழ் மெட்டு தேவாலயத்துக்குப் பொருந்துமோ என ஐயுற்ற காலம் ஒன்று இருந்தது. ஆயினும் மதுரையில் அமெரிக்கத் திருச்சபையின் எட்டுவர்டு வெப் என்பார் இத்தகைய தமிழ்ப் பாடல்களைத் திரட்டி 1853 ஆம் ஆண்டில் நூலாக்கினார். மக்கள் பாடிய பாட்டே வென்றது.

தஞ்சையை விடுங்கள், நம் தாலுகாவுக்கே வருவோம். நெய்யாற்றின்கரையை அடுத்த திருப்புறத்தில் 1847 இல் பிறந்தவர் மோசவத்சலம் சாஸ்திரியார். கருநாடக இசையைக் கற்று, மலையாள மொழியிலே கிறித்தவக் கீர்த்தனைகள் இயற்றினார். 1916 இல் அவர் மறைந்தார். அவர்தம் பாடல்கள் மறையவில்லை. மலையாளம் வழங்கும் சபைகளில் இன்றும் அவை ஒலிக்கின்றன. யாம் கூறிய அந்த மாலையில், தஞ்சைச் சாஸ்திரியாரின் தமிழ்க் கீர்த்தனை ஒன்றும், திருப்புறத்துச் சாஸ்திரியாரின் மலையாளக் கீர்த்தனை ஒன்றும் அடுத்தடுத்துப் பாடப்பெற்றன. மொழி மாறியது, சுருதி மாறவில்லை. எல்லையூரில் வாழும் நமக்கு இதனினும் பொருத்தமான கச்சேரி வேறு யாதுளது?

குடும்பத்தோடு இசை வளர்த்தலும் நமக்குப் புதிதன்று. தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் 1859 இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், தஞ்சையில் மருத்துவம் செய்து ஈட்டிய பொருளை இசைக்கே செலவிட்டார். 1912 இல் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தை நிறுவினார். 1917 இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். 1916 இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டில் அவர் தம் ஆராய்ச்சியை எடுத்துரைத்தபோது, அதனை வீணையிலும் குரலிலும் மெய்ப்பித்துக் காட்டியவர் அவர்தம் புதல்வியர். வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் காதில் விழுந்த இசையே மாநாட்டு மேடையேறியது.

இனி, மறுதலையான கருத்தையும் மறைக்காது கூறுதல் முறை. எம் நண்பர் ஒருவர் பழுத்த இரசிகர். அவர் எம்மிடம், "இசைக்கு அமைதி வேண்டாவா? குழந்தைகள் ஓடினால் நுண்மையான கமகம் எவ்வாறு காதில் விழும்?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். சுவாதித் திருநாள் மகாராசா ஒன்பது இரவுகளுக்கும் வகுத்த கீர்த்தனைகள் அங்கே பாடப்பெறுகின்றன. அவையோர் கைதட்டுவதில்லை. கூரையில் தொங்கவிட்ட மண்பானைகள் ஒலியைச் செம்மை செய்கின்றன. அவ்வமைதி ஒரு செல்வம். அதனைக் குலைக்க வேண்டுமென்று யாம் ஒருநாளும் கூறமாட்டோம்.

ஆனால் அதே மண்டபத்தின் வரலாறு நமக்கு மற்றொன்றையும் கற்பிக்கின்றது. நம் பாறசாலையில் 1924 இல் பிறந்தவர் பொன்னம்மாள். திருவனந்தபுரத்து இசைக் கழகத்தில் பயின்று, அங்கேயே ஆசிரியையாய் அமர்ந்து, எண்ணற்ற மாணவரை உருவாக்கியவர். அத்தகையவருக்கும் பெண் என்னும் காரணத்தால் அம்மண்டபத்திற் பாட இடமில்லாதிருந்தது. 2006 ஆம் ஆண்டில்தான் அவர் அங்கே பாடினார். அங்குப் பாடிய முதற்பெண்மணி அவரே. அப்போது அவருக்கு வயது 81. 2021 இல் அவர் மறைந்தார். அவர் பாடியதனால் மண்டபத்தின் பெருமை குறைந்ததா? இல்லை, கூடிற்று. கதவு திறப்பதனால் இசை தேய்வதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே அமைதி வேண்டுவோர்க்கு அமைதியான அரங்கு இருக்கட்டும். அதன் பக்கத்தில் பிள்ளைகளுக்கென ஓர் அரங்கும் இருக்கட்டும். இலண்டன் போன்ற நகரங்களில், கைக்குழந்தையோடு வரும் பெற்றோர்க்கென்றே தேவாலயங்களில் பகற்பொழுதில் இசையரங்குகள் நடத்துகின்றனர் என அறிகின்றோம். அமர்ந்திருக்க இயலாதவர்களுக்கென நடத்தும் நிகழ்ச்சிகளில் விளக்கை முற்றும் அணைப்பதில்லை. எழுந்து நடப்பவரைத் தடுப்பதில்லை. ஒதுங்கி இளைப்பாற ஓர் அறையும் வைக்கின்றனர். அவர்கள் விதியாக எழுதி வைத்திருப்பதை நம் எல்லையூர்ப் பாட்டி ஒருவர் ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டார்!

தேவாலயம் இதற்குப் பொருந்துவதற்குக் காரணமும் உண்டு. உயர்ந்த கூரையும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள நீண்ட கூடத்தில் குரல் சற்று நேரம் தங்கி நிற்கும். அதனால் ஒலிபெருக்கி இன்றியே கடைசிப் பாய்வரை கேட்கும். விரைந்து பாடினால் சொற்கள் ஒன்றோடொன்று மயங்கும். நிறுத்திப் பாடினால் ஆலாபனை தேன்போல் இறங்கும். ஆசிரியை இதனை அறிந்து காலத்தைக் குறைத்தே பாடினார். வெற்றுக் கூடத்தில் மிகும் எதிரொலியை நிறைந்த மக்கட்கூட்டம் தணித்துவிடுகின்றது. பிள்ளைகள் நிறைந்தால் அரங்கின் ஒலியும் சீர்ப்படும் என்பது, எம் போன்ற பெற்றோர்க்கு எத்துணை ஆறுதல்!

இனி நம் சங்கத்துக்கு வருவோம். நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் தமிழ் எழுத்தைப் படிப்பர்? நெஞ்சில் கைவைத்துக் கூறுங்கள். அந்த மாலையில் பாட்டுத்தாள் ஒன்று கொடுத்தனர். ஒரு பக்கம் தமிழ்ப் பாடல் தமிழ் எழுத்தில். மறுபக்கம் அதே தமிழ்ப் பாடல் மலையாள எழுத்தில். எம் மூத்த மகள் தாளைத் திருப்பி, மலையாள எழுத்தைப் பார்த்தே தமிழைப் பாடினாள். எம் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. ஒரு விளக்கும் எரிந்தது. தன் பாட்டன் எழுதிய கடிதத்தைப் படிக்க அறியாதவள், அப்பாட்டனின் மொழியில் பிழையின்றிப் பாடினாள். வீடு திரும்பும்போது, "அப்பா, இந்தப் பக்கத்து எழுத்தையும் எனக்குச் சொல்லித் தாங்களேன்" என்று தாளைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு ஆண்டுகளாக யாம் வற்புறுத்தியும் வராத விருப்பம், ஒரு பாட்டினால் வந்தது. இன்று எழுத்துக்கூட்டிப் படிக்கின்றாள்.

ஆதலின் நம் சங்கத்தார்முன் யாம் வைக்கும் வேண்டுகோள் இது. மூன்று திங்களுக்கு ஒருமுறை இத்தகைய இசை மாலை ஒன்றினை நடத்துவோமாக. இடம் தரும் தேவாலயம் எதுவாயினும் நன்று. கோயிற் கூடமோ பள்ளிக் கூடமோ ஆயினும் நன்று. ஒரு மணி நேரம் போதும். பாய் விரிப்போம், கதவைத் திறந்து வைப்போம், ஒதுங்குதற்கு ஓர் அறை வைப்போம். பாட்டுத்தாளை இரண்டு எழுத்திலும் அச்சிடுவோம். அதற்கு ஆகும் செலவு பெரிதன்று. ஆண்டு விழாவின் மாலைகளிலும் பொன்னாடைகளிலும் இரண்டைக் குறைத்தால் போதும். பொன்னாடை போர்த்தப்பெறும் பெரியோர்கள் எம்மைப் பொறுத்தருள்வார்களாக!

யாம் சைவர், எம்மை அழைத்தவர் கிறித்தவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கக் குடியிற் பிறந்தும், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எல்லார்க்கும் பொதுவாகப் பாடிவைத்தார். அப்பொதுமையை நூலில் மட்டும் வைத்துப் போற்றுவது போதாது. பாயில் அருகருகே அமர்ந்து அதனைப் பயிலவேண்டும்.

இறுதியாக ஒன்று. அன்றிரவு வீடு திரும்பியதும் இளையவன் உணவுத் தட்டின் முன் அமர்ந்தான். சோறு இடுமுன்னர் தட்டின்மீது கையால் ஒரு தட்டுத் தட்டினான். பின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பின் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு. வாய் திறந்து அவன் ஒன்றும் கூறவில்லை. இன்றும் பேச்சு அரிதாகவே வருகின்றது. அந்த மாலை அவனை மாற்றிவிட்டது என்று யாம் கூறவில்லை. ஆனால் அவன் நடந்துகொண்டே கேட்டான் என்பதை அன்று அறிந்தோம். கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தால் யாம் ஒருகாலும் அறிந்திரோம்.

அடுத்த இசை மாலைக்கு இப்பேரவையிலுள்ள அனைவரும் மக்களோடு வருக. பாயில் இடம் உண்டு. கதவு திறந்திருக்கும்.